நீரைப் படித்தால் பறவை தெரியும்: குளிர்கால நீர்த்தேக்கத்தில் நீர்ப்பறவை காணுதல்

நீர் வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் பறந்துவிடும் என்பது நமக்கெல்லாம் பழகிய செய்தி. நீர் உறைந்த குளமும் ஒரு வாத்துக்கு வற்றிய குளம்தான். பனிக்கட்டிக்கு அடியில் எவ்வளவு நீர் இருந்தாலும் அதில் நீந்தவோ தலையை அமிழ்த்தி இரை தேடவோ அதனால் இயலாது. கடுங்குளிர் நிலவும் நாடுகளில் குட்டைகளும் சதுப்புகளும் ஆழமற்ற ஏரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உறையத் தொடங்கும்போது, அவற்றில் சிதறிக் கிடந்த பறவைகள் இன்னும் உறையாத நீரைத் தேடிச் செல்கின்றன. அந்த நீர் பல இடங்களில் ஓர் அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் பெரிய நீர்த்தேக்கமாக அமைந்துவிடுகிறது. மரங்கள் இலையுதிர்ந்து நிற்க, கரையில் ஆள் நடமாட்டம் அற்றுப்போய், பார்வைக்கு உயிரற்றதுபோல் கிடக்கும் அந்தச் சாம்பல் நிறப் பரப்பில்தான் மற்றப் பருவங்களில் காணக் கிடைக்காத அளவுக்கு வாத்துகளும் அன்னங்களும் முக்குளிப்பான்களும் கூடியிருக்கும்.

ஆனால் முதன்முறை அங்கே போய் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் தொலைவில் மிதக்கும் கரும்புள்ளிகள் மட்டுமே. கையில் பறவைக் கையேட்டை விரித்துக்கொண்டு, தலை பச்சையா பழுப்பா, விலாப்புறம் வெண்மையா சாம்பலா என்று நிறத்தை முதலில் தேடத் தொடங்குபவர், அரைமணி நேரத்தில் விரல் விறைத்து, எதையும் உறுதிப்படுத்த முடியாமல் திரும்பிவிடுவார். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது நீர்: அது எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் காற்று, எங்கே உறைந்திருக்கிறது, எங்கே உறையவில்லை என்பன. ஒரு பறவை நீர்த்தேக்கத்தில் எந்த இடத்தில் மிதக்கிறது என்பது தற்செயலன்று. அதன் உடலமைப்பும் உணவும் அன்றைய குளிரும் சேர்ந்து அதை அங்கே நிறுத்தியிருக்கின்றன.

பெரிய நீர் ஏன் தாமதமாக உறைகிறது

நீருக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நன்னீரோ ஏறக்குறைய 4 பாகை செல்சியசில் மிக அதிக அடர்த்தியை அடைந்து, அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடியும் இலேசாகிறது. இதன் விளைவாக, குளிர்காலம் தொடங்கும்போது மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, அடியிலுள்ள சற்று வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. இந்தச் சுழற்சி, மேலிருந்து அடிவரை நீர் முழுவதும் 4 பாகையை நெருங்கும் வரை தொடரும். அதன் பின்னரே மேல்நீர் மட்டும் தனியே குளிர்ந்து பூச்சியத்தைத் தொட்டு உறைய முடியும். முழங்கால் ஆழமுள்ள குட்டைக்கு இந்த ஏற்பாடு இரண்டொரு இரவில் முடிந்துவிடும். இருபது மீட்டர் ஆழமுள்ள நீர்த்தேக்கத்திலோ, அத்தனை நீரும் தன் வெப்பத்தை இழக்கப் பல வாரங்கள் ஆகலாம். அதோடு பரந்த நீர்ப்பரப்பில் காற்று எழுப்பும் அலைகள் மெல்லிய பனிப்படலத்தை உருவாகும்போதே உடைத்துவிடுகின்றன.

பனிக்கட்டி படர்ந்த பிறகும் சில இடங்கள் திறந்தே இருக்கும். ஆறு வந்து கலக்கும் முகத்துவாரத்தில் ஓட்டம் இருப்பதால் அங்கே எளிதில் உறையாது. அணையின் அடிமட்ட மதகிலிருந்து வெளியேறும் நீர், தேக்கத்தின் அடியாழத்திலிருந்து வருவதால் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கும். ஆகவே அணைக்குக் கீழேயுள்ள ஆற்றுப் பகுதி, மேலே உள்ள தேக்கம் முழுவதும் வெண்பாறைபோல் இறுகிக் கிடக்கும் நாளிலும் ஓடிக்கொண்டிருக்கும். பலர் அணையின் மேல் நின்று ஏமாந்து திரும்பிவிடுவர். கீழே இறங்கிப் பார்த்திருந்தால் அங்கே வாத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பர். திறந்த நீர் சுருங்கும்போது பறவைகளே ஓயாமல் நீந்திச் சிறிய வட்டமொன்றை உறையவிடாமல் காப்பதும் உண்டு.

வலசைப் பறவைகள் எல்லாம் நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்பி ஒரே மூச்சில் தெற்கே போய்ச் சேருகின்றன என்று நினைப்பது சரியன்று. வாத்துகளில் பல, தேவைக்கு மேல் ஓர் அடிகூடத் தெற்கே போவதில்லை. இரையும் திறந்த நீரும் கிடைக்கும் வரை ஓரிடத்திலேயே தங்கி, அது உறைந்த பிறகு அடுத்த இடத்துக்கு நகர்கின்றன. ஆகவே சுற்று வட்டாரத்தில் கடுங்குளிர் அலை ஒன்று இரண்டு மூன்று நாள் நீடித்து, சிறு நீர்நிலைகள் எல்லாம் மூடிக்கொண்ட உடனே வரும் காலைப்பொழுதே பார்ப்பவருக்கு உகந்தது. நேற்று இருநூறு இருந்த இடத்தில் இன்று இரண்டாயிரம் இருக்கக்கூடும். தேக்கமும் முழுமையாக உறைந்துவிட்டால் அவை மீண்டும் கிளம்பிவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். நீர்த்தேக்கம் என்பது இயற்கை ஏரி அன்று. அதன் கரைகள் பெரும்பாலும் செங்குத்தாகச் சரிந்து, கற்களாலோ கான்கிரீட்டாலோ பூசப்பட்டிருக்கும். நீர்மட்டம் மனிதரின் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதால் ஓரத்தில் நீர்த்தாவரங்கள் நிலையாக வேர்கொள்ள முடியாது. எனவே பல பறவைகளுக்கு அது உணவுக்கூடம் அன்று, பாதுகாப்பான படுக்கையறை மட்டுமே. நரி முதலிய வேட்டை விலங்குகள் எட்ட முடியாத நடுநீரில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பின் வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் சென்று மேய்கின்ற வாத்துகள் பல. கூஸ் எனப்படும் பெருவாத்துகள் இதற்கு நேர்மாறாக, இரவை நீரில் கழித்து, விடியலில் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டே புல்வெளிகளுக்குப் பறந்து, மாலையில் திரும்புகின்றன. நண்பகலில் போய்ப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒரு பெருவாத்துகூட இல்லை’ என்று குறித்துக்கொள்பவர், விடியலில் வந்திருந்தால் வானம் நிறைய அவற்றைக் கண்டிருக்கலாம்.

ஆழம் பிரித்து வைக்கும் கூட்டங்கள்

வாத்துகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். நீரின் மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழும் மட்டும் இரை தேடுபவை ஒரு வகை. உடல் முழுவதையும் மூழ்கடித்து அடிவரை சென்று இரை தேடுபவை மற்றொரு வகை. முன்னவற்றை மேல்நீர் வாத்துகள் என்றும் பின்னவற்றை முக்குளி வாத்துகள் என்றும் இங்கே அழைத்துக்கொள்வோம்.

மேல்நீர் வாத்து, வாலை வானத்தை நோக்கி உயர்த்தித் தலைகீழாகக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் தொலைவு வரை அடியில் துழாவும். அதற்கு எட்டக்கூடிய ஆழம் அரை மீட்டருக்குள்தான். ஆகவே நீர்த்தேக்கத்தில் ஆறு வந்து சேரும் வாய்ப்பகுதி, நீர் வடிந்து சேறு தெரியும் வளைவு, சரிவு குறைந்த கரையோரம் ஆகியவற்றில்தான் இவற்றைத் தேட வேண்டும். மல்லார்ட், ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன், நாமத்தலை வாத்து, கருவால் வாத்து ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரே ஓரத்தில் இவை கலந்து நின்றாலும் ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைப்பது குறைவு. உருவத்தில் மிகச் சிறிய கிளுவை, சேற்றின் விளிம்பில் நடந்துகொண்டே நுண்ணிய விதைகளை வடிகட்டி உண்ணும். நீண்ட கழுத்துடைய ஊசிவால், மற்றவற்றுக்கு எட்டாத ஆழத்திலிருந்து விதைகளை எடுக்கும். அகப்பைபோல் அகன்ற அலகுடைய தட்டைவாயனின் அலகோரத்தில் சீப்புப் பற்களைப் போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக இருப்பதால், நீரை உறிஞ்சி வெளியேற்றி அதிலுள்ள சிற்றுயிர்களை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. தட்டைவாயன்கள் பல ஒன்றன் பின் ஒன்றாக வட்டமிட்டு நீந்தும்; முன்னே செல்வதன் கால் கிளறிவிட்ட இரையைப் பின்னே வருவது வடிகட்டும். செக்காட்டுவதுபோல் ஒரு கூட்டம் தொலைவில் சுற்றிக்கொண்டிருந்தால், நிறம் தெரியாவிட்டாலும் அவை பெரும்பாலும் தட்டைவாயன்கள்தான்.

முக்குளி வாத்துகளுக்குக் கால்கள் உடலின் பின்பகுதியில் அமைந்துள்ளன. கப்பலின் பின்புறத்தில் உந்துவிசிறி இருப்பதைப் போல, நீருக்கடியில் உந்திச் செல்ல இது உகந்த அமைப்பு. தரையில் நடப்பதற்கோ மிகவும் இடைஞ்சலானது. இவை ஆழமான நடுநீரில் இருக்கும். பின்தலையில் குடுமி தொங்க, கறுப்பும் வெண்மையுமாகத் தெரியும் குடுமி வாத்து சில மீட்டர் ஆழம் மூழ்கிச் சிப்பிகளை அப்படியே விழுங்கி, இரைப்பையில் நொறுக்கிச் செரிக்கிறது. செந்தலையும் சாம்பல் முதுகும் கொண்ட போச்சார்ட் பெரும்பாலும் இரவில் உண்பதால், பகலில் அலகை முதுகிறகில் செருகிக்கொண்டு கூட்டமாக உறங்குவதையே காண்போம். கோல்டன்ஐ வாத்து பகல் முழுவதும் ஓயாமல் மூழ்கி எழுந்துகொண்டிருக்கும். ஒன்றைக் கண்டு பைனாகுலரைத் திருப்புவதற்குள் அது மறைந்துவிடும். பறக்கும்போது அதன் சிறகுகள் எழுப்பும் சீழ்க்கை ஒலி அமைதியான குளிர்காலையில் நெடுந்தொலைவு கேட்கும்.

மெர்கான்சர்கள் மீன் தின்னும் வாத்துகள். அவற்றின் ஒடுங்கிய அலகு நுனியில் வளைந்து, ஓரங்களில் அரம்போல் பல்வரிசை கொண்டிருக்கும். மூழ்குவதற்கு முன் முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து மீனைத் தேடிக்கொண்டே நீந்தும் பழக்கம் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

வாத்துகளே அல்லாதவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் தொடக்கநிலையினர் குழம்புவது இவற்றில்தான். முக்குளிப்பான்களுக்கு வால் இல்லாததுபோல் தோன்றும். அலகு ஈட்டிபோல் கூர்மையாக இருக்கும். அவை தம் இறகுகளையே விழுங்கி இரைப்பையில் ஒரு மெத்தையாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மீன்முள் குடலைக் குத்தாமல் காப்பது அதன் பயனாகக் கருதப்படுகிறது. நீர்க்காகம் நீரில் மிகவும் தாழ்ந்து மிதக்கும். அதன் வெளியிறகுகள் ஓரளவு நனைவதால் மூழ்குவது எளிதாகிறது, ஆனால் பிறகு சிறகை விரித்து உலர்த்த வேண்டியிருக்கிறது. உடல் கறுத்து, அலகும் நெற்றியும் வெளுத்த நாமக்கோழி, வாத்தைப் போல் நீந்தினாலும் கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விரல்களுக்கிடையே சவ்வு இல்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் இலைபோன்ற மடல்கள் உள்ளன.

நாமக்கோழி உள்ள இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது நல்லது. அது சிறு துள்ளலுடன் மூழ்கி, அடியிலிருந்து நீர்ப்பாசியைப் பறித்துக்கொண்டு தக்கையைப் போல மேலே வந்து குதிக்கும். அதற்காகவே பக்கத்தில் காத்திருக்கும் நாமத்தலை வாத்தோ கருவால் வாத்தோ அந்தப் பாசியைப் பிடுங்கிக்கொள்ளும். மூழ்கத் தெரியாத இந்த வாத்துகள் ஆழமான நீரில் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு இதுவே விடை. ஆழம்தான் பறவையைப் பிரித்து வைக்கிறது என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்குபோல் தோன்றினாலும், உண்மையில் அதே விதியின் இன்னொரு முகம்தான்: தன்னால் எட்ட முடியாத ஆழத்தை நாமக்கோழியின் உழைப்பால் எட்டுகிறது அந்த வாத்து.

மிதக்கும் தோரணையும் கிளம்பும் முறையும் தொலைவிலிருந்தே வகையைச் சொல்லிவிடும். மேல்நீர் வாத்து வாலை நீருக்கு மேல் தூக்கி, தக்கைபோல் உயர்ந்து மிதக்கும். அச்சம் வந்தால் ஓட்டம் இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும். முக்குளி வாத்து உடல் தாழ்ந்து, வால் நீரைத் தொடும்படி மிதக்கும். சிறகுகள் உடல் எடைக்குச் சிறியவை ஆதலால், நீர்ப்பரப்பில் காலால் தடதடவென்று நெடுந்தூரம் ஓடிய பிறகே மேலெழும்பும்.

அன்னங்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. அவற்றை அடையாளம் காண அலகைப் பார்த்தால் போதும். பியூவிக் அன்னத்தின் அலகில் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்த கோலம் ஒவ்வொரு பறவைக்கும் வேறுபடும். இங்கிலாந்தின் சிலிம்பிரிட்ஜில் பறவை ஆய்வாளர் சர் பீட்டர் ஸ்காட் 1964 முதல் அந்தக் கோலங்களை வரைந்து வைத்து, ஒவ்வோர் அன்னத்துக்கும் பெயரிட்டு, அடுத்த குளிர்காலத்தில் அது திரும்பி வருவதை அறிந்துகொண்டார். அன்னங்களும் பெருவாத்துகளும் குடும்பமாகவே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வெண்மையான இரண்டு பெரிய அன்னங்களுக்கு இடையே சாம்பல் நிறத்தில் மூன்று இருந்தால், அவை அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள். ஒரு கூட்டத்தில் சாம்பல் நிறத்தவை எத்தனை என்று எண்ணினால், வடக்கே அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்பது தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில் ஏன் இத்தனை அழகு

பெரும்பாலான பறவைகள் வசந்தத்தில் மெருகேறும். வாத்துகளில் ஆண்களோ குளிர்காலத்திலேயே முழுக்கோலத்தில் இருக்கும். கோடையில் இனப்பெருக்கம் தொடங்கியதும் ஆண்வாத்து தன் பகட்டான இறகுகளை உதிர்த்து, பெண்ணைப் போல் மங்கிய பழுப்பு நிறம் பூணுகிறது. அதே காலத்தில் பறக்கப் பயன்படும் சிறகிறகுகள் அனைத்தும் ஒருசேர உதிர்வதால் ஏறக்குறைய நான்கு வாரம் பறக்கவே முடியாமல் நாணலுக்குள் மறைந்து வாழ்கிறது. அந்த நிலையில் மங்கிய நிறம் அதற்குக் காவல். இலையுதிர் காலத்தில் மறுபடியும் இறகு மாற்றி, குளிர்காலம் தொடங்குவதற்குள் பழைய ஒளியைப் பெற்றுவிடுகிறது. வாத்துகளைக் கற்கத் தொடங்குபவர் கோடையில் தொடங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தப் பகட்டு வீணன்று. துணை தேடுவது நடப்பதும் குளிர்காலத்தில்தான். பனி விளிம்பில் ஐந்தாறு ஆண் கோல்டன்ஐ வாத்துகள் ஒரு பெண்ணைச் சூழ்ந்து, தலையைப் பின்புறம் முதுகில் படும்படி வீசி, காலால் நீரை உதைத்துத் தெறிக்க வைப்பதைக் காணலாம். மல்லார்ட்கள் தலையையும் வாலையும் ஒரே நேரத்தில் உயர்த்திச் சீழ்க்கையடிக்கும். வாத்துகளின் இத்தகைய அசைவுகளை இனம் இனமாக ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களுள் ஒருவர், விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கான்ராட் லோரன்ஸ். இந்தச் சடங்கின் முடிவில் தேர்வு செய்வது பெண்தான். வசந்தத்தில் வடக்கே திரும்பும்போது பெண்வாத்து தான் பிறந்த பகுதிக்கே செல்ல முனைகிறது. ஆண் அதைப் பின்தொடர்ந்து, தான் இதுவரை கண்டிராத ஊருக்கும் போய்ச் சேருகிறது.

பெண்களை அடையாளம் காண்பது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாம் பழுப்பாகவே தெரியும். சிறகில் மினுங்கும் பட்டை உதவும்: மல்லார்டுக்கு இரு பக்கமும் வெள்ளை விளிம்புடைய நீலம், கிளுவைக்குப் பச்சை, கருவால் வாத்துக்கு வெள்ளைச் சதுரம். அலகின் வடிவமும் பொய் சொல்லாது. பக்கத்தில் எந்த ஆண் இருக்கிறது என்று பார்த்து ஊகிப்பது பல நேரங்களில் சரியாக அமைந்தாலும், கலப்புக் கூட்டத்தில் ஏமாற்றிவிடும். சில இனங்களில் ஆணும் பெண்ணும் குளிர்காலத்தைத் தனித்தனியே கழிக்கும் வழக்கமும் உண்டு. போச்சார்டுகளில் ஆண்கள் வடக்கிலேயே அதிகம் தங்க, பெண்கள் இன்னும் தெற்கே செல்கின்றன. ஒரு தேக்கத்தில் செந்தலைகளாகவே தெரிந்தால் வியப்படைய வேண்டாம்.

உறையும் நீரில் கால் ஏன் உறைவதில்லை

நீர், காற்றைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. உடல் வெப்பம் சுமார் 41 பாகை இருக்கும் ஒரு சிறு பறவை, பூச்சியத்தை ஒட்டிய நீரில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பது எப்படி? நீர் அதன் தோலைத் தொடுவதே இல்லை. வெளியிறகுகளின் நுண்கிளைகள் கொக்கிகளால் பின்னிக்கொண்டு நீர் புகாத நெசவாக அமைகின்றன. அதற்கு அடியில் தூவி எனப்படும் மென்னிறகு காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது. வாலடியிலுள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்துத் தடவி அந்த நெசவைப் பறவை பராமரிக்கிறது. எப்போது பார்த்தாலும் வாத்து இறகு கோதிக்கொண்டே இருப்பதாகத் தோன்றினால், அது அழகு பார்ப்பதன்று. ஓர் இடத்தில் நெசவு பிரிந்தாலும் குளிர்நீர் உள்ளே புகுந்துவிடும். ஓர் அன்னத்தின் உடலில் 25,000-க்கும் மேற்பட்ட இறகுகள் எண்ணப்பட்டிருக்கின்றன.

கால்களுக்கு இறகு இல்லை. அங்கே வேறொரு ஏற்பாடு இருக்கிறது. காலுக்கு வெப்பமான குருதியைக் கொண்டுசெல்லும் தமனியும், குளிர்ந்த குருதியை உடலுக்குத் திருப்பும் சிரைகளும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. இறங்கும் குருதி தன் வெப்பத்தை ஏறும் குருதியிடம் கொடுத்துவிட்டு, தான் குளிர்ந்த நிலையில் பாதத்தை அடைகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருப்பதால், அது நீருக்கு இழக்கும் வெப்பம் மிகக் குறைவு. பாதத்தில் தசை குறைவாகவும் தசைநாண்களும் எலும்பும் மிகுதியாகவும் இருப்பதால் அந்தக் குளிர் அதற்குக் கேடு செய்வதில்லை. பனிக்கட்டி மேல் நிற்கும் வாத்து ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்வதும், அலகை முதுகிறகில் புதைப்பதும், இறகு மூடாத பகுதிகளை மறைத்து வெப்பத்தைச் சேமிக்கத்தான்.

உறங்கும் கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் மல்லார்டைக் கவனியுங்கள். வெளிப்புறத்தை நோக்கிய ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கும். அப்போது அதன் மூளையில் ஒரு பாதி உறங்க, மறு பாதி விழித்திருக்கிறது. நாம் நெருங்கும்போது முதலில் எழும் தலை அதனுடையதுதான். பிறகு கழுத்துகள் ஒவ்வொன்றாக நீளும். கூட்டம் மெல்ல நடுநீரை நோக்கி நகரும். அதற்குப் பின்னும் நாம் நிற்காவிட்டால் எல்லாம் எழும்பிவிடும். பறத்தல் ஓய்வைப் போலப் பல மடங்கு ஆற்றலைச் செலவழிப்பது. இரை கிடைக்காத உறைநாளில், வீணாகப் பறந்த ஒரு சுற்றை ஈடுகட்ட அதற்கு வழியில்லாமல் போகலாம். ஆகவே கழுத்து நீண்ட உடனேயே பின்வாங்க வேண்டும். இது நற்பண்பு பற்றிய பேச்சு மட்டுமன்று. பறந்துபோன பறவையைப் பார்க்கவும் முடியாது.

எங்கே நிற்பது, எதைக் கொண்டுபோவது

குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகர்வதால், ஒளிக்கு எதிரே நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். வடகோளத்தில் தேக்கத்தின் தென்கரையில் நின்று வடக்கு நோக்குவது நாளின் பெரும்பகுதிக்கு ஏற்றது. முழுக்க மேகம் மூடிய நாள் இன்னும் நல்லது. கண்கூசும் பளபளப்பு இல்லாமல் நிறங்கள் உள்ளபடி தெரியும். காற்று பலமாக வீசினால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கரையடியில் நீர் அமைதியாக இருக்கும்; பறவைகள் அங்கே ஒதுங்கும்.

பைனாகுலரில் 8×42 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன் ஆடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். தொடங்குபவருக்கு இதுவே போதும். பத்து மடங்கு வாங்கினால் குளிரில் நடுங்கும் கையின் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். அகன்ற தேக்கத்தில் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்று இருந்தால் கரும்புள்ளிகள் பறவைகளாக மாறும் என்பது உண்மை. எனினும் நீரைவிடக் காற்று குளிர்ந்திருக்கும் நாளில் மேற்பரப்பிலிருந்து எழும் வெப்பக்காற்று காட்சியை நெளியச் செய்யும். அப்போது உருப்பெருக்கத்தைக் கூட்டுவதால் நெளிவும் கூடுமே தவிர, விவரம் கூடாது. ஆடிக்கு எதிரே மூச்சு விடாதீர்கள். குளிர்ந்த கருவியை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்த உடனே பையிலிருந்து எடுத்தால் ஈரம் படியும். பைக்குள்ளேயே சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும்.

நடப்பவருக்குப் போதுமான உடை, நிற்பவருக்குப் போதாது. மெல்லிய அடுக்குகள் பலவற்றின் மேல் காற்றுப் புகாத மேலாடை, காதை மூடும் தொப்பி, தடித்த அடி கொண்ட காலணி ஆகியவை தேவை. வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தியை உடலோடு ஒட்டி அணிவது தவறு. பனிக்கட்டி மேல் எக்காரணம் கொண்டும் கால் வைக்கக் கூடாது. நீர்த்தேக்கத்தில் இது இருமடங்கு ஆபத்து. மதகு திறந்து நீர்மட்டம் இறங்கினால் மேலே பனித்தகடு தாங்கலின்றித் தொங்கும். பார்வைக்கு முன்போலவே உறுதியாகத் தோன்றும். இறந்து கிடக்கும் நீர்ப்பறவையையும் தொடக் கூடாது. பறவைக் காய்ச்சல் இவற்றினிடையே பரவக்கூடியது.

எண்ணுவதற்குத் தொடங்கும்போதுதான் பார்வை கூர்மையாகிறது. முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அந்த அளவையே கூட்டத்தின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். புதியவர்கள் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவர். முக்குளி வாத்துகளில் எந்த நொடியிலும் சில நீருக்கடியில் இருக்கும் என்பதால், ஒரே கூட்டத்தை இரண்டு மூன்று முறை எண்ணி, கிடைத்த எண்களில் பெரியதை எடுத்துக்கொள்வது முறை. அமெரிக்காவில் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று 27 பேருடன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பும், 1967 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்துவரும் பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இத்தகைய எளிய எண்ணிக்கைகளால் ஆனவையே. பின்னதற்கு ஜனவரியைத் தேர்ந்தது காரணத்தோடுதான்: வலசையின் பெரும் நகர்வுகள் ஓய்ந்து, பறவைகள் ஓரளவு ஓரிடத்தில் நிலைத்திருக்கும் மாதம் அது. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் கையெழுத்தான ராம்சார் உடன்படிக்கையின்படி, 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்கும் நீர்நிலையோ, ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கை வழக்கமாகத் தாங்கும் நீர்நிலையோ பன்னாட்டு முக்கியத்துவம் உடையதாகக் கருதப்படலாம். கரையில் நின்று எண்ணியவர்களின் குறிப்பேடுகள் இல்லாமல் இந்த இரண்டு அளவுகோலையும் பயன்படுத்த வழியில்லை.

முடிந்தால் இருட்டும் வரை இருங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கடற்காக்கைகள் நாலா பக்கத்திலிருந்தும் நீண்ட வரிசைகளாக வந்து நடுநீரில் இறங்கத் தொடங்கும். வெளிச்சம் மங்க மங்க மல்லார்டுகளும் கிளுவைகளும் சிறு சிறு குழுக்களாக எழும்பி, அவற்றுக்கு எதிர்த்திசையில் இரை தேடிக் கிளம்பும். நிறம் அறவே தெரியாத அந்த வேளையிலும், நின்ற இடத்திலிருந்து நேராக எழும்பியதா, நீரில் ஓடி எழும்பியதா என்பதைக் கொண்டு எது எது என்று சொல்லிவிடலாம்.